தொகிகோ வாயில் வராத வார்த்தை

பெப்பு ஊரில் எங்கள் வெந்நீரூற்று விடுதியில் இருபத்தாறு வருஷமாக விருந்தினரை உபசரிப்பவள் தொகிகோ. நான் அங்கே சமையல்கட்டில் இருக்கிறேன். விடுதிப் பெண்களின் வாலிபால் அணிக்குத் தலைவியும் நானே. இந்தத் தொகிகோவின் மரியாதை இருக்கிறதே, அப்பப்பா! மீன் திருட வந்த பூனையைக்கூட "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா" என்றுதான் விரட்டுவாள்.

பூனையோடு நின்றால் பரவாயில்லை. ஆட்டத்திலும் அதே கதைதான். பந்து தலைக்கு மேல் வரும்போது, "அக்கா, பந்து உங்க பக்கம் வருதுங்க, சிரமம் பார்க்காம எடுத்துக்கறீங்களா?" என்பாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்து தரையில் கிடக்கும்.

"இங்க யாருடி உனக்கு விருந்தாளி? 'எடு'ன்னு கத்து, போதும்."

"முயற்சி பண்றேங்க."

"அந்த 'ங்க' வேண்டாம்டி!"

"சரிங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஒருமுறை இப்படிப் பேசினாலும் அணியை விட்டு நீக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. வாரம் முழுக்கக் கிமோனோவில் குனிந்து குனிந்து நிமிர்கிறவளுக்கு இந்த ஆட்டம் ஒன்றுதான் சந்தோஷம். எனக்கும் அது தெரியும். ஆனாலும் தோற்றுத் தோற்று அலுத்துப் போயிருந்தேன்.

ஞாயிறன்று ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. அவளுக்குப் பதிலாக வந்து நின்றவர் யார் தெரியுமா? விடுதி முதலாளியம்மா மசுயோ! அவர் பெயரைச் சொல்லும்போதே நாங்கள் குரலைத் தாழ்த்துவோம். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் புள்ளி. பந்து முதலாளியம்மாவின் பக்கம் இறங்கியது. அவரோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். தொகிகோ வாயைத் திறந்தாள்.

"எடுடி!"

அரங்கமே அதிர்ந்தது. முதலாளியம்மா விழுந்தடித்து எடுத்துக் கொடுத்த பந்தை நான் ஓங்கி அடித்தேன். ஜெயித்துவிட்டோம்! தொகிகோ மட்டும் அங்கேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

மறுநாள் காலை வேலையாட்கள் வரிசையாக நிற்கும்போது முதலாளியம்மா நேரே அவள் எதிரில் வந்து நின்றார். வேலை போயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம். அவர் இடுப்பு வரை குனிந்தார்.

"தொகிகோம்மா, வர்ற வியாழக்கிழமை பயிற்சிக்கு நானும் வரலாங்களா? உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, நேத்து மாதிரியே என்னைக் கொஞ்சம் திட்டுவீங்களா?"

தொகிகோ அவரைவிடத் தாழக் குனிந்தாள்.

"இங்க வச்சு முடியாதுங்கம்மா. ஆனா அங்க ஒரு நிமிஷம் லேட்டா வந்தீங்கன்னா, கண்டிப்பாத் திட்டறேங்க."