அத்தையின் களிமண் மலை

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, தவறான பதில் ஒன்றைச் சொல்வதற்காக அத்தை என்னைத் தேர்ந்தெடுத்தாள். சரியான பதில்களை மற்றப் பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நான். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. பாளையங்கோட்டையில் தங்கி பி.டி. படித்தவள். அது இருந்தால்தான் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆகலாம். எழுத்துத் தேர்வில் சுலபமாகத் தேறிவிட்டாள். தேர்வாளர் முன்னால் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்டும் தேர்வில்தான் தவறினாள். யாரோ ஒரு பையன் பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டானாம். இவள் அவனோடு பேசிக்கொண்டே இருந்தாளாம். எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பு பாதியில் நிற்க மணி அடித்துவிட்டதாம். "கேள்வி கேட்டவன் பாஸு, பதில் சொன்னவ ஃபெயிலு" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஆடியில் மறுதேர்வு வந்தது. அதுவும் தென்காசியில், எங்கள் பள்ளிக்கூடத்திலேயே. குற்றால சீசன் சமயத்தில் தேர்வாளர்களுக்கு எங்கள் ஊர்மேல் வரும் பிரியத்தைப் பற்றி அப்பா சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த வருஷம் சாரல் பிந்தியது. ஆனி முழுக்க வெயில். குற்றாலத்தில் பாறைதான் தெரிந்தது.

"இந்தத் தடவையும் தேறலன்னா ராயகிரிக்குச் சரின்னு சொல்லிருவேன், பாத்துக்கோ. அவங்களும் எம்புட்டு நாளைக்குக் காத்துக் கெடப்பாங்க?" என்றார் அப்பா. ராயகிரி மாப்பிள்ளைக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது, மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தை பலகைமேல் களிமண்ணைக் குழைத்து மலை செய்துகொண்டிருந்தாள்.

பாடம், பருவக்காற்று. பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மேற்கு மலை இடைவெளியில்லாமல் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இலவம்பஞ்சு மேகங்கள். விசிறியால் வீசினால் மேகம் நகர்ந்து வந்து மலையில் முட்டி நின்றுவிடும். "தென்மேற்குப் பருவக்காற்றால் நமக்கு மழை கிடைக்குமா?" என்று அத்தை கேட்கும்போது நான் எழுந்து "கிடைக்கும்" என்று சொல்ல வேண்டும். உடனே அவள் "தவறு" என்று சொல்லி, விசிறியால் வீசிக் காட்டி, மலை தடுத்துவிடுவதை விளக்குவாள். பிள்ளைகளின் பிழையைத் திருத்துவதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அதனால் ஒரு பிழை தேவைப்பட்டது.

"எனக்குத்தான் சரியான பதில் தெரியுமே, நான் ஏன் தப்பாச் சொல்லணும்?" என்று அழுதேன்.

"தெரிஞ்சவதான் ஏட்டி தப்பை ஒழுங்காச் சொல்ல முடியும். தெரியாதவளை நிறுத்தி, அவ வாய் தவறி சரியாச் சொல்லிட்டான்னா என் கதி என்ன ஆவுது?"

தேர்வு நாள் காலையில் சாரல் இறங்கிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் ஊரே நனைந்திருந்தது. பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "அருவியில தண்ணி விழுதாம்லே!" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுப் போனார். தேர்வாளர் கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பையிலிருந்து துண்டின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது.

பாடம் ஒழுங்காகவே நடந்தது. அந்தக் கேள்வி வந்தது. நான் எழுந்து, பயிற்சி செய்ததைவிட நன்றாக, "கிடைக்கும்" என்றேன். அப்போது மேற்கு ஜன்னல் வழியாக ஒரு வீச்சு சாரல் உள்ளே வந்தது. ஜன்னலோரப் பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் அதில் ஒரு விபரீதமும் தெரியவில்லை. பாடப்புத்தகத்து மழை வேறு, எங்கள் ஊர் மழை வேறு என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அத்தை "தவறு" என்று சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எப்படிச் சொல்லுதே?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை. அத்தை மறந்துவிட்டாள் என்று பதறிப்போனேன். அவளைக் காப்பாற்ற நினைத்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "இது தப்பு, அத்தை! நான் தப்பாச் சொல்லியிருக்கேன்!" என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டாள். மேசைமேல் இருந்த அடிக்கோலை எடுத்தாள். களிமண் மலையின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போட்டாள். "இப்போ வீசு" என்று விசிறியை என் கையில் கொடுத்தாள். வீசினேன். பஞ்சு அந்த வழியாக நுழைந்து இந்தப் பக்கம் வந்து விழுந்தது. வகுப்பு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. அதற்குப் பிறகு கேள்விமேல் கேள்வி. அவற்றில் எதையும் யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மணி அடித்தபோது பாடக்குறிப்பு பாதியில் நின்றது.

தேர்வாளர் மேசைக்கு வந்தார். "மலையை உடைக்கச் சொல்லி உங்க பாடக்குறிப்பில் இல்லையே, அம்மா?"

"அது உடைஞ்சுதான் சார் இருக்கு. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் போனீங்கன்னா தெரியும்."

அவர் குற்றாலம் பக்கம்தான் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தை குடையை விரிக்காமல் நனைந்துகொண்டே வந்தாள். "இது தப்பு அத்தை, இது தப்பு அத்தை" என்று என்னைப்போலவே சொல்லிக் காட்டிச் சிரித்தாள். தேறமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.

தேறவில்லை. ஆனால் ராயகிரிக்காரர்கள் ஆவணி முகூர்த்தத்துக்கு அவசரப்பட்டு வேறு பெண்ணை முடித்துவிட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அப்பா பங்குனி வரைக்கும் பொறுத்தார். பங்குனியில், பாளையங்கோட்டையில், அதே பாடத்தை அதே குறிப்பின்படி நடத்தி அத்தை தேறினாள். ஆலங்குளத்தில் ஆசிரியை ஆனாள், பிறகு தலைமையாசிரியை. கடைசிக் காலத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தாள். மிகவும் கண்டிப்பானவள் என்று பெயர்.

இப்போது என் மகள் அதே படிப்பைப் படிக்கிறாள். போன வாரம் பயிற்சி வகுப்பைக் கவனிக்க வந்தவர் பிள்ளைகள் முன்னால் அவளை மட்டம்தட்டி ஏதோ சொல்ல, சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படிப்பை முடி, வேலை முக்கியம் என்று நான் நாலு நாளாகச் சொல்லிச் சொல்லி, திங்கட்கிழமை போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் சிரிப்பதில்லை.

பங்குனித் தேர்வுக்கு ரயிலேறுவதற்கு முந்தின நாள் அத்தை பரணிலிருந்து களிமண் மலையை இறக்கினாள். குளத்திலிருந்து ஒரு கை ஈரமண் கொண்டுவரச் சொன்னாள். வெட்டிய இடத்தை நான்தான் அடைத்தேன். தடம் தெரியாதபடி தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். "பாருங்க அத்தை, எங்கன இருந்துச்சுன்னே தெரியல" என்றேன்.

அத்தை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு சரியில்லையோ என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, மறுபடியும் தேய்த்தேன்.