டியூக் குருமூர்த்தி போன தூது

ஜெர்மனியின் பான் நகரத் தமிழர்களிடம் குருமூர்த்தி என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். டியூக் குருமூர்த்தி என்றால் உடனே வழி சொல்வார்கள். சேலத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை. அதற்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு காலத்தில் அரசாண்ட சவோய் டியூக்குகளின் அரண்மனைக்கு இங்கிலாந்து அனுப்பிவைத்த தூதர்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தார். சேலத்தில் பிறந்தவன் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு இத்தாலிக்குப் போன இங்கிலீஷ்காரனை ஆராய்வானேன் என்று கேட்காத ஆளில்லை. "யாராவது ஒருத்தர் பண்ணணுமில்லையா?" என்பார். எந்தத் தூதர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், யார் முன்னால் தொப்பியைக் கழற்றினார் என்று அவர் ஆரம்பித்தால், கேட்பவர்களுக்கு வீட்டில் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் மனுஷன் தங்கம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்து சேர்ந்த ஈழத்துச் சனங்கள், அரசாங்க அலுவலகத்தில் டெர்மின், அதாவது வந்து பார்க்கச் சொல்லி நேரம், கிடைத்த நாளில் கூடவந்து ஜெர்மன் பேசுவதற்கு அவரைத்தான் தேடுவார்கள். ஒருவரிடமும் அவர் முடியாது என்று சொன்னதில்லை.

அப்படிப் பழக்கமானவள்தான் கொறற்றி. மன்னார்ப் பெண். வுப்பர்டாலில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. எண்பத்தாறு நவம்பரில் ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தவள், கொடுத்த தேநீரைத் தொடாமல் அழுதாள்.

"கலியாணத்துக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்குது அண்ணை. அம்மா இல்லை. அப்பாவாலை மன்னாரை விட்டு வர ஏலாது. இந்த நாட்டிலை எனக்கெண்டு இருக்கிறது ரெண்டு பேர். ஒருத்தர் வந்தால் மற்றவர் வரமாட்டாராம். நான் ஆற்றை கையைப் பிடிச்சு மாதா கோயிலுக்குள்ளை போறது?"

ஒருவர் அவளுடைய அண்ணன் இராயப்பு, வுப்பர்டாலில் இருந்தார். இன்னொருவர் தாய்மாமன் சூசைதாசன், பிராங்பேர்ட்டில். இரண்டு வருஷத்துக்கு முன் மாமா விமானத்தில் வந்து இறங்கியபோது, தன் வீட்டுக்குத்தான் வருவார் என்று இராயப்பு சமைத்து வைத்துக் காத்திருந்தார். மாமாவோ பிராங்பேர்ட்டிலேயே பரராசசிங்கம் என்ற கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டார். "சொந்த மருமகன் இருக்க, ஆற்றையோ வீட்டிலை போய்ப் படுத்தவர்" என்று இராயப்புவுக்குக் கோபம். "பாசை தெரியாமல் புதுசா வந்து நிக்கிறன். இஞ்சை இருக்கிறவன்தானே வந்து பாக்கோணும்" என்று மாமாவுக்குக் கோபம். முதலில் யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அழுகிற பெண்ணின் எதிரில் குருமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

"அடடா! இது அப்படியே எங்க டூரின் ப்ராப்ளம்!" என்றார். "புதுத் தூதர் வந்து இறங்குவார். மந்திரி வந்து பார்க்கட்டும்னு இவர் இருப்பார், தூதர் வந்து பார்க்கட்டும்னு அவர் இருப்பார். மாசக்கணக்கா இழுக்கும். கடைசியில என்ன செய்வாங்க தெரியுமா? மூணாவது ஆள் தோட்டத்துல, தற்செயலா சந்திக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுவாங்க. ரெண்டு பேர் மானமும் தப்பிச்சுது!"

"எங்களுக்கு ஆரண்ணை மூண்டாவது ஆள்?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

இத்தனை வருஷம் தூதர்களைப் படித்தவருக்குத் தானே தூது போகக் கிடைத்த வாய்ப்பு. வுப்பர்டாலுக்கு ஒரு நடை, பிராங்பேர்ட்டுக்கு ஒரு நடை. வரும் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு இருவரும் அவர் வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். கொறற்றி காலையிலேயே வந்து ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். குருமூர்த்தி முட்டைகூடத் தொடாதவர். காரியம் நடக்கவேண்டுமே என்று ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் வாசல் மணி அடிக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டியவர் திகைத்துப்போனார். தெருவுக்கு அந்தப்பக்கம் பேக்கரி வாசலில் இராயப்பு. இந்தக் கோடியில் மஞ்சள் டெலிபோன் கூண்டுக்குள் மாமா. முதலில் மேலே போனவன் மற்றவனுக்காகக் காத்திருந்தவன் ஆகிவிடுவானே! அந்தச் சங்கடம் டியூக் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவருக்குத் தோன்றவே இல்லை.

நாலு மாடி இறங்கி ஓடினார்.

"அவர் முதல் போகட்டும். பிறகு நான் வாறன்" என்றார் இராயப்பு.

"அவன் போகட்டும் தம்பி. நான் இதிலை நிக்கிறன்" என்றார் மாமா.

இரண்டாம் தடவையும் போய்க் கெஞ்சிவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்து கையை விரித்தார். டூரினில் இதற்கெல்லாம் பத்து வேலைக்காரர்கள் இருந்திருப்பார்கள், இங்கே முழங்கால் வலிக்கிற ஒருவர்தான் என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

கொறற்றி அடுப்பை அணைத்தாள். கட்டியிருந்த நூல்சேலையோடு, கோட் போடாமல், படியிறங்கிப் போய் நடைபாதையில் நின்றாள். வெளியே மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பக்கமும் பார்க்கவில்லை, மாமா பக்கமும் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள்.

பேக்கரி வாசலிலிருந்து ஒருவரும் டெலிபோன் கூண்டிலிருந்து ஒருவரும் ஓடிவந்தார்கள். ஓடும்போதே இருவரும் கோட்டைக் கழற்றினார்கள். யார் முந்தி வந்தார் என்று பின்னால் ஓடிவந்த குருமூர்த்தியாலும் சொல்ல முடியவில்லை.

"பிள்ளை நனையுதெடா. உன்ரை கோட்டையும் மேலாலை போடு" என்றார் மாமா. இரண்டு வருஷத்தில் மருமகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஓம் மாமா" என்றார் இராயப்பு. தன் கோட்டையும் தங்கைமேல் போர்த்தினார்.

இரண்டு கோட்டுக்குள் கொறற்றி முன்னால் ஏற, இரண்டு ஆண்களும் வெறும் சட்டையோடு நடுங்கியபடி பின்னால் ஏறினார்கள். குருமூர்த்தியின் வீட்டு வாசலில் மறுபடி நின்றுவிட்டார்கள்.

"நீங்கள் முதல் போங்கோ மாமா."

"இல்லையெடா, நீ போ. நீதான் இந்த நாட்டுக்கு முதல் வந்தவன்."

"சீ, நீங்கள் பெரியாள். போங்கோ."

"அண்ணை, மாமா, ரெண்டு பேரும் ஒண்டா வாங்கோ" என்று உள்ளேயிருந்து கொறற்றி அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "எனக்கு ரெண்டு பேரும் வேணும்!"

ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, குறுகிய வாசலில் இடித்து நெருக்கி இருவரும் ஒன்றாக நுழைந்தார்கள். தன் வீட்டுக்குள் போக இடமில்லாமல் குருமூர்த்தி படிக்கட்டிலேயே நின்றார். அவர் படித்த தூதர்களில் எவரும், போன காரியம் பலித்தது என்று அழுததாக எங்கேயும் எழுதிவைக்கவில்லை. குருமூர்த்தி நன்றாக அழுதார்.