சென்னை–தூத்துக்குடி: ஒன்றரை மணி நேரம்

பறப்பது எவ்வளவு?

“கெளம்பறது பத்தரை, எறங்கறது பன்னெண்டு. ஒண்ணரை மணி நேரந்தாங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்தேன். திண்டிவனத்தில் விமான டிக்கெட் போடுகிறவன் இப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பது இந்தத் தொழிலில் கஷ்டப்படுகிறவர்களுக்குத் தெரியும்.

எதிரில் உட்கார்ந்திருந்த, பெருமுக்கல் கிராமத்துக் கோவிந்தசாமியின் மகளுக்குத் தூத்துக்குடியில் வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு வளைகாப்பு. மனைவி முன்பே போய்விட்டார். இவருக்கு வியாழன்வரை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை. முதுகில் ஆபரேஷன் ஆனதால் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார முடியாது. மீனம்பாக்கத்துக்குக் காரில் இரண்டு மணி நேரம், அங்கே காத்திருக்க இரண்டு மணி நேரம், இறங்கி ஊருக்குள் போக அரைமணி என்று விளக்கினேன்.

“இன்னாப்பா இது, பறக்கற நேரத்தவிட காத்துக்கெடக்கறதுதான் ஜாஸ்தியா?”

வெள்ளிக்கிழமை

டிக்கெட் வாங்கிப் போன அன்று மாலையே முகம் வாடித் திரும்பி வந்தார். “வெள்ளிக்கெழம பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். முழு ராகு காலமும் நான் ஆகாசத்துலயே கெடக்கணுமா? கேன்சல் பண்ணிடு.”

வெள்ளிக்கிழமை மற்ற விமானங்களில் இடமில்லை. விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்புவதுதானே பயணம் என்றேன். அதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற மாதிரி என்றார். “அப்பன் வரலன்னா எம்பொண்ணு அழுவும் தம்பி” என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

என்னோடு வேலை பார்க்கும் செல்வி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள்.

“நல்ல நேரத்துல பையக் கொண்டாந்து இங்க வச்சிடுங்கய்யா. பை பொறப்பட்டா ஆளு பொறப்பட்ட மாதிரிதான்னு எங்க ஊட்ல சொல்லுவாங்க.”

கிளம்பிய பை

வியாழன் பதினோரு மணிக்கு மல்லாட்டைக் கொல்லையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். பையை என் மேஜையருகே வைத்துவிட்டுத் தெற்கு எது என்று கேட்டு, அந்தப் பக்கமாகத் திருப்பியும் வைத்தார்.

அரைமணி கழித்து மறுபடி வந்தார். மூக்குக்கண்ணாடி பைக்குள் மாட்டிக்கொண்டதாம். எடுத்துத் தருகிறேன் என்று நான் ஜிப்பைத் தொட்டதும் பதறிவிட்டார்.

“ஐயய்யோ, தொறக்காத! அது போய்க்கினு இருக்குது.”

தாமதம்

வெள்ளி விடியற்காலை வந்து பையை எடுத்துக்கொண்டு போனவரிடமிருந்து, பதினொன்றேகாலுக்கு விமான நிலையத்திலிருந்து போன். பின்னால் ஒரே கூச்சல். விமானம் இன்னும் கிளம்பவில்லை. பன்னிரண்டுக்கு மேல் ஆகுமாம். டிக்கெட் போட்டவன் என்ற முறையில் திட்டு வாங்கத் தயாரானேன்.

“லேட்டுனு எல்லாரும் கத்தறானுவ தம்பி. ராகு காலம் முடியட்டும்னு அது பாட்டுக்கு நிக்குது, இவனுங்களுக்கு இன்னா ஜல்தி?”

எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்கிறவர்களிடம் இப்போதும் ஒன்றரை மணி நேரம் என்றுதான் சொல்கிறேன், ஆனால் கிழமையைப் பார்த்துக்கொண்டு.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கோவிந்தசாமி வீடியோ காலில் வந்தார். கை நிறைய வளையலோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பேசிக்கொண்டே, டேபிள் ஃபேனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.