தேடக் கூடாத நாட்கள்

"குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்க! நிமிந்துக்கிட்டு நுழைஞ்சா எங்க வீடு மண்டையில ஒண்ணு போட்டுத்தான் உள்ள விடும்!"

நெற்றியில் தலைத்துணி முடிச்சும் இடுப்பில் சாரோங் கைலியுமாக அமாக் ருமெனா வாசலில் நின்று கூவுவார். ஜகார்த்தாவிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் சிரித்துக்கொண்டே தலையைக் குனியும். நூறு பேர் வந்தாலும் அதே வாசகம்தான், ஆனால் அன்றைக்குத்தான் தோன்றியதைப் போலச் சொல்வார். எருமைச் சாணி மெழுகிய தரையைப் பார்த்து யாராவது மூக்கைப் பொத்தினால் விட மாட்டார். "அம்மா, உங்க ஊரு புகையைவிட இது எவ்வளவோ மேல். தைரியமா உட்காருங்க!"

அமாக் என்றால் அப்பா. தாசான் பாங்கெட் என்கிற அந்தக் கிராமத்தில் தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவர்களின் சொந்தப் பெயரை ஊரே மறந்துவிடும். அவர் ருமெனாவின் அப்பா, அவர் மனைவி ருமெனாவின் அம்மா, இனாக் ருமெனா. கடைக்குப் போனாலும் தொழுகைக்குப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்குள் சின்னதாக ஓர் இருட்டறை. அங்கே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்துவார். "இதுதான் பொண்ணுங்க படுக்கற அறை. ஒரே கதவு. அப்பன்காரன் இந்தப் பக்கம் காவலுக்குப் படுத்திருப்பான். இருந்தாலும் திருடிட்டுப் போயிடுவானுங்க!"

கூட்டம் வாயைப் பிளக்கும். "கேட்டுக் கட்டிக்கிட்டா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் துள்ளுவார். "கேக்கறதா? ஒரு கோழிக்குஞ்சு குடுங்கன்னு கேக்கற மாதிரி என் பொண்ணைக் கேப்பியா? அவளுக்குப் புடிச்சவன் ராத்திரியோட கூட்டிட்டுப் போவணும். அதுதான் மரியாதை. மூணு நாளுக்குள்ள பையன் வீட்டு ஆளுங்க ஊர்த்தலைவர்கிட்ட வந்து, உங்க பொண்ணு எங்ககிட்ட பத்திரமா இருக்கான்னு சொல்வாங்க. அப்புறம் பேச்சு, கல்யாணம், மேளம்!"

"அதுவரைக்கும் தேட மாட்டீங்களா?"

"தேடினா மானம் போயிடும்மா. கால் மேல கால் போட்டு, வெத்தல போட்டுக்கிட்டுக் காத்திருக்கணும்."

கூட்டம் கைதட்டும். வாசலோரம் தறியில் உட்கார்ந்திருக்கும் இனாக் ருமெனா, இந்த இடம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விடுவாள். தண்ணீர் எடுக்கப் போவாள், கோழியை விரட்டப் போவாள், ஏதாவது ஒரு வேலை இருக்கும். "அதை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சொல்லேன்யா" என்று ஊர்த்தலைவர் ஒருநாள் அவரிடம் சொன்னார். "விட்டுட்டா அவளே இல்லேன்னு ஆயிடும் தலைவரே" என்று பதில் வந்தது.

ஆறேழு வருஷம் இருக்கும். ஒரு விடியற்காலை அந்த இருட்டறையில் ருமெனாவின் பாய் சுருட்டிக் கிடந்தது. இனாக் ருமெனாவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கோழி பறந்துடுச்சா?" என்று கேலி பேசினார்கள். பெண்ணைப் பெற்றவன் கோபப்பட வேண்டும் என்பது முறை. அமாக் ருமெனா தெருவுக்குக் கேட்கும்படி, "எவன்டா அவன், காலை ஒடிக்கிறேன்!" என்று கத்திவிட்டு, உள்ளே போய் மனைவியிடம், "பசையரிசி ஊறப்போடு, சம்பந்தி ஆளுங்க வருவாங்க" என்றார். யார் திருடியிருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த ஊர்க்காரன், ஜுமாதில் என்று பெயர், மாதக்கணக்காக வந்து, இடையில் ஒரு முழம் விட்டு உட்கார்ந்து, ருமெனாவிடம் பேசிவிட்டுப் போகிறவன். நல்ல பையன்.

காத்திருந்தார்கள். பசையரிசி தேங்காய்ப்பாலில் வெந்தது, ஆறியது, திரும்ப வெந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அமாக் ருமெனா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு எழுந்தார்.

ஜுமாதில் நின்றுகொண்டிருந்தான். தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தான், கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. "மாமா, ருமெனா இருக்காளா? ரெண்டு மூணு நாளா வர முடியல, அறுவடை" என்றான்.

அதற்கப்புறம்தான் ஓடினார்கள். துறைமுகத்தில் டீக்கடைக்காரி ஒருத்தி, யாரோ ஒரு பொம்பளையோடு ஒரு பெண் கப்பல் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னாள். மலேசியாவில் வீட்டு வேலைக்கு என்று ஆசை காட்டிக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அது ருமெனாதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "மூணு நாள் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அமாக் ருமெனா அந்தக் கேள்வியோடுதான் இன்றுவரை படுத்து எழுந்திருக்கிறார்.

போன மாதம் பக்கத்து வீட்டு அமாக் செனிம் வீட்டில் பாய் சுருட்டிக் கிடந்தது. செனிமைக் காணோம். பெண்கள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். அமாக் செனிம் முறைப்படி இரண்டு வசை வைதுவிட்டு வெற்றிலையை எடுத்தார். அமாக் ருமெனாவோ வந்திருந்த கூட்டத்தைப் பாதி வீட்டில் நிறுத்திவிட்டு வயலுக்கு ஓடினார். "செனிம்! அடியே செனிம்!" என்று வரப்பெல்லாம் கத்தினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஊரே மூக்கில் விரல் வைத்தது.

அமாக் செனிம் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, என் மானத்தை ஏன் சந்தி சிரிக்க வைக்கறீங்க? வீட்டுக்கு வாங்க!"

"மானம் கெடக்கட்டும்டா. பொண்ணைத் தேடு."

"உங்க வீட்டுல நடந்துச்சுன்னா எங்க வீட்டுலயும் நடக்கணுமா?"

சொன்ன பிறகு அமாக் செனிமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அமாக் ருமெனா கையை உதறிவிட்டு நடந்தார். நேராக நெடுஞ்சாலைக்குப் போய், துறைமுகம் போகிற வண்டிகளை வழிமறித்து, ஒவ்வொன்றிலும் தலையை நுழைத்துப் பெண் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஓட்டுநர்கள் பைத்தியம் என்று திட்டினார்கள். வெயில் ஏறி இறங்கியது. அவர் நகரவில்லை.

பொழுது சாயும்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. புதுச் சாரோங், தலைத்துணி, இரண்டு பேர். அவர் குறுக்கே பாய்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"யார் வீட்டுப் பொண்ணு?"

"தலைவர்கிட்டதான் சொல்லணும் பெரியவரே, வழி விடுங்க."

"யாருன்னு சொல்லிட்டுப் போ!"

பின்னால் இருந்தவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "செனிம். எங்க வீட்டுல இருக்கா."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். கிளம்பறப்போ எனக்குக் காபி குடுத்ததே அவதான்."

"அழுதாளா?"

"சிரிச்சுக்கிட்டிருந்தா."

அமாக் ருமெனா தலையை ஆட்டினார். ஆனால் பிடியை விடவில்லை. "தலைவர்கிட்ட சொல்லப் போறியே, அதை இப்ப எனக்கு ஒரு தடவை சொல்லு. என் பேரைச் சொல்லிச் சொல்லு."

"உங்க பேரு?"

"அமாக் ருமெனா."

அந்த மனிதர் வெளியூர்க்காரர். ஒன்றும் புரியாவிட்டாலும் வண்டியை விட்டு இறங்கி, கைகட்டி நின்று சொன்னார். "அமாக் ருமெனா, உங்க பொண்ணு எங்ககிட்ட பத்திரமா இருக்கா. கவலைப்படாதீங்க."

அமாக் ருமெனா கைப்பிடியை விட்டார். தலைத்துணியை அவிழ்த்து, அந்த ஆளின் தோளில் படிந்திருந்த சாலைப் புழுதியைத் துடைத்துவிடத் தொடங்கினார்.