மச்சாளின் கிற்றார்ப் பெட்டி

பெட்டியின் இரண்டு கொளுக்கிகளையும் விடுவித்து மூடியை ஒரு சாண் உயர்த்தியதும் முதலில் வருவது உள்ளே ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெற் துணியின் மணம், அதற்குப் பின்னால் வார்னிஷ், அதற்கும் பின்னால், மூக்கைக் கிற்றாரின் வட்டத் துளைக்குக் கிட்டக் கொண்டுபோனால் மட்டும் கிடைப்பது, மரத்தின் மணம். புதுப் பென்சிலைச் சீவும்போது ஒரு மணம் வருமே, அதைப் பத்து மடங்காக்கி, கொஞ்சம் தேனும் கொஞ்சம் பசையும் கலந்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. பனையும் வேம்பும் பூவரசும் மட்டுமே தெரிந்த எங்கள் தீவில் அந்த மரம் கிடையாது. எந்த நாட்டு மரம் என்று இன்றுவரை நான் யாரையும் கேட்டறியவில்லை.

இசையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பாட்டும் வராது, தாளமும் நிற்காது. கோயிலில் பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தபோது, ‘சிஸ்டர்’ என்னை இரண்டு வரி பாடவிட்டு, மூன்றாவது வரிக்கு முன்பே அன்பாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடவுள் எனக்குக் கொடுத்தது மூக்கு ஒன்றுதான். எழுபதுகளின் தொடக்கத்தில், பதினொரு வயதில், அந்த மூக்கால் நான் செய்த ஒரு வேலையைத்தான் சொல்லப்போகிறேன்.

கிற்றார் என்னுடையதல்ல, என் மச்சாள் ஜெசிந்தாவுடையது. அவளுடைய தகப்பன், அம்மாவின் அண்ணர், எங்கள் மாமா, சரக்குக் கப்பலில் வேலை செய்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்கும்போது அவருடைய பெட்டிகளைத் தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் சீமெந்து நிலம், கண்ணாடி பதித்த ‘அலுமாரி’, வாசச் சவர்க்காரம். இந்தப் பக்கம் வலை, கருவாடு, சுறா எண்ணெய். என்னிலும் மூன்று வயது மூத்த ஜெசிந்தாவுக்குக் குடை வந்தபோது பொறுத்துக்கொண்டேன், கைக்கடிகாரம் வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கிற்றார் வந்த அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அவள் வாசிப்பதைப் பார்த்தல்ல எனக்கு எரிச்சல். அந்தப் பெட்டியைத் தான் நினைத்த நேரத்தில் திறந்து மணக்கலாம் என்கிற அவளுடைய உரிமைமேல்தான். நான் வேலிப் பொட்டால் நுழைந்து போய்க் கெஞ்சினால் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, “மணந்து பார்” என்பாள். நான் குனிந்ததும் எண்ணத் தொடங்குவாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. மூன்றாவது எண்ணோடு மூடி சாத்தப்படும். “கனநேரம் திறந்து வைச்சால் மணம் போயிடும். நீ மணந்து மணந்தே அதை முடிச்சுப்போடுவாய்” என்று சிரிப்பாள். கெட்ட பிள்ளை அல்ல அவள், அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டு மணத்தையும் சொல்லவேண்டும். ஐயா, என் தகப்பன், சுறா பிடிக்கப் போகிறவர். சுறாவின் ஈரலைப் பானையில் போட்டுக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயைத்தான் வள்ளத்துக்குப் பூசுவார்கள். உப்புத் தண்ணீரும் உப்புக் காற்றும் மரத்தை அரிக்காமல் காப்பது அதுதான். அந்த மணம் ஐயாவின் கையிலிருந்து தலையணைக்கும் தலையணையிலிருந்து என் பள்ளிக்கூடச் சட்டைக்கும் வந்துவிடும். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், உத்தியோகக்காரர் வீட்டுப் பிள்ளை, நாங்கள் இருக்கும் வாங்குப் பலகையின் மற்ற முனைக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவாள். ஒன்றும் சொல்லமாட்டாள், தள்ளிப் போவாள், அவ்வளவுதான். ஐயா என் தலையைத் தடவ வந்தால் நான் குனிந்து தப்பிக்கொள்ளப் பழகியது அந்த வருடந்தான்.

மாமா திரும்பக் கப்பலுக்குப் போகுமுன் கிற்றாரை வைத்துப் பராமரிக்கும் முறையை ஜெசிந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். நானும் வாசலில் நின்று கேட்டேன். வாசித்து முடித்தால் நரம்புகளைத் தளர்த்திவிடவேண்டும். சுவரில் சாத்தக்கூடாது, பெட்டிக்குள் படுக்கவைக்கவேண்டும். ‘குசினி’ அடுப்புப் புகை படவோ வெயிலில் காயவோ விடக்கூடாது. மழை நாளில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஈரத்தை இழுக்க கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி நாலு துண்டைச் சீலையில் முடிந்து உள்ளே போட்டுவைக்கவேண்டும். துடைப்பதென்றால் காய்ந்த துணியால் மட்டும். “தண்ணி படக்கூடாது, எண்ணெய் எண்டது கிட்டவும் போகக்கூடாது. உது வள்ளமில்லை, விளங்கிச்சோ” என்று சொல்லிவிட்டு, வேலிக்கு எங்கள் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த என் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். ஐயாவுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அந்த ஆவணிக்குப் பிறகு ஜெசிந்தாவை யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்தார்கள். அங்கே கிற்றாருக்கு இடமில்லை. மாமிக்கும் கொழும்பில் இருந்த தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் போகவேண்டியிருந்தது. மாரி முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் விட்டால் பழுதாகிவிடும் என்று, பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜெசிந்தா அதை என் கையில் தந்து, மாமா சொன்ன எல்லாவற்றையும் ஞானோபதேசம் ஒப்புவிப்பதுபோல என்னை ஒப்புவிக்க வைத்தாள். நான் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். “பாலன் பிறப்புக்கு, நத்தார்ப் பூசையிலை நான் வாசிக்கவேணும். கவனம், செலின்” என்றாள். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்த மூன்று மாதமும் நான் கோடீஸ்வரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உடுப்பு மாற்றாமல் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறப்பேன். எண்ணுவதற்கு ஆளில்லை. துளைக்கு நேரே மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஆசை தீரும்வரை இருப்பேன். ஆனால் ஆசை தீரவில்லை. ஏனென்றால் கிற்றாரின் கழுத்துப் பக்கம் மணந்தால் ஜெசிந்தாவின் பவுடர் மணந்தது. அவள் கை பிடித்த இடம், அவள் நெஞ்சு பட்ட இடம் எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். எங்கள் வீட்டில், எங்கள் பாயில் கிடந்தும் அது அவளுடையதாகவே கிடந்தது. அதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரியும், எரிய எரிய மறுபடி திறப்பேன். மழை நாளிலும் திறந்தேன். முக்கியமாக மழை நாளில்தான் திறந்தேன், ஈரக் காற்றில் மணம் இன்னும் தூக்கலாக வந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் திறந்தபோது கிற்றாரின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. துளைக்குள்ளேயும் தெரிந்தது. வெண்கட்டி முடிச்சு நனைந்து பிசுபிசுத்தது. பெட்டியை மூடுவதற்குள் ஐயா பின்னால் வந்து நின்றார்.

கடல் கொந்தளிப்பால் அந்த வாரம் தொழில் இல்லை. வெயில் கண்ட நாளைப் பார்த்து வள்ளத்தைக் கரையில் ஏற்றி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர், தண்ணீர் குடிக்க வந்திருந்தார். குந்தியிருந்து கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தைத் தெரிந்த கை அது, பெருவிரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடும்.

“ஐயோ, பாவம் பிள்ளையின்ரை சாமான். உப்புக் காத்துக் குடிச்சுப்போட்டுது” என்றார். “எண்ணெய் ஒருக்காப் பூசிவிட்டால் கிடக்கும்.”

அம்மா குசினிக்குள் இருந்து, “அவளிட்டைக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்” என்றார்.

“கடிதம் போய் வாறதுக்கிடையிலை முழுக்கப் பிடிச்சிடும்” என்ற ஐயா, என்னைத் திரும்பிப் பார்த்தார். “பிள்ளை, உன்னட்டைத்தானே தந்தவள். இதுக்கு என்ன செய்யவேணும், என்ன செய்யக்கூடாதெண்டு ஏதும் சொன்னவளே?”

இந்த இடத்தில், பயத்தில் வாய் வரவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். பயமும் இருந்ததுதான், மழையில் திறந்தது வெளியே வந்துவிடும் என்ற பயம். ஆனால் என் வாய் நன்றாகவே வந்தது. வாங்கின் மற்ற முனைக்குத் தள்ளிப் போகிறவள் நினைவுக்கு வந்தாள். ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் நெருங்கி இருப்பதும் நினைவுக்கு வந்தது. அவளும் ஒருநாள் எங்களைப்போல மணக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

“ஒண்டும் சொல்லேல்லை ஐயா” என்றேன்.

ஐயா எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தார். பூஞ்சணத்தை முதலில் பதமாகத் துடைத்தார். பிறகு சீலையைத் தோய்த்து வெளியே பூசினார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே, ஒரு பூவரசந் தடியில் சீலையைச் சுற்றி, தளர்ந்து கிடந்த நரம்புகளை ஒதுக்கி, துளைக்குள் விட்டு, வள்ளத்தின் உட்பக்கத்துக்குப் பூசுவதுபோல ஒரு மூலை விடாமல் உள்ளேயும் பூசினார். வெளிப்பக்கம் வார்னிஷ் போட்டது, எண்ணெய் இறங்கவில்லை. உள்பக்கம் பூச்சில்லாத வெறும் மரம், குடித்துக்கொண்டே இருந்தது. தன் வள்ளத்துக்குக்கூட அவர் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூசியதில்லை. அவர் போன பிறகு நான் குனிந்து மணந்தேன். பென்சிலும் இல்லை, தேனும் இல்லை. எங்கள் வீடுதான் மணந்தது.

மார்கழி விடுமுறைக்கு வந்த ஜெசிந்தா, பயண உடுப்போடே வேலிப் பொட்டால் ஓடிவந்தாள். ஐயாதான் பெருமையாகப் பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் குனிந்தவள் அப்படியே நின்றாள். மூக்கு நுனி மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

“ஆர் மாமா பூசினது?”

“நான்தான் பிள்ளை. பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு. உள்ளுக்கும் பூசியிருக்கிறன், இனி உதுக்கு ஒண்டும் வராது.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். “நல்லது மாமா. நீங்கள் பாக்காட்டிப் பழுதாப் போயிருக்கும்” என்றாள்.

நத்தார்க் காலைப் பூசையில் அவள் வாசித்தாள். சத்தம் அமுங்கித்தான் இருந்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். என்ன மணமென்று பாடகர் குழுச் சிஸ்டர் கேட்டபோது, “மழைக்குப் பழுதாகாமல் எங்கடை மாமா எண்ணெய் பூசித் தந்தவர்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். யாரும் அவளைவிட்டுத் தள்ளிப் போகவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஐயா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் ஒளித்துத் திரிந்த மணத்தை அவள் ஊரறியச் சொல்லிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திட்டுவாள் என்று நாட்கணக்காகக் காத்திருந்தேன். திட்டவில்லை. புதுவருடத்துக்குப் பிறகு நான் போனபோது மூடியைத் திறந்து விட்டு, “இனி எண்ணத் தேவையில்லை. வேணுமான மட்டும் மணந்து பார்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் மணக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் கல்யாணமாகிப் பாரிசுக்குப் போனாள். அடுத்த வருடம் ஐயா காலமானார். கடைசிவரை, தன் எண்ணெயில்தான் அந்தக் கிற்றார் தப்பியது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சண்டையில் ஊரே எழும்பி ஓடவேண்டி வந்தபோது வீட்டில் இருந்த எதையும் எடுக்கவில்லை. ஐயாவின் படமும் அவர் உடுத்த சாரமும் வலையும் போயின. இப்போது அங்கே போனால் எல்லாம் ‘பைபர்’ வள்ளம், யாரும் எதையும் பூசுவதில்லை. கடற்கரையில் நின்று பார்த்தேன், மண்ணெண்ணெய்தான் மணந்தது.

போன வருடம் ஜெசிந்தாவின் பேரப்பிள்ளையின் முதல்நன்மைச் சடங்குக்கு என்னைப் பாரிசுக்குக் கூப்பிட்டிருந்தாள். விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு, அலுமாரியைத் திறந்து, கம்பளத் துணியில் சுற்றிவைத்திருந்த அந்தப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நரம்புகள் தளர்த்தியிருந்தன. மூலையில் வெண்கட்டி முடிச்சுக் கிடந்தது. நான் கேட்காமலே, “மணந்து பார்” என்றாள்.

குனிந்தேன். இரும்பு, பழைய துணி, அதற்குப் பின்னால், மெல்லியதாக, சுறா எண்ணெய். ஐயா கடலால் வந்து படலையைத் திறக்கிறார். நான் குனிந்து தப்பிய அந்தக் கை தலைக்குக் கிட்ட வருகிறது.

“மச்சாள், நீங்கள் எல்லாம் சொல்லித்தான் தந்தனீங்கள். நான்தான் ஐயாவிட்டைச் சொல்லேல்லை” என்றேன்.

“தெரியும். நீ மறக்கிற ஆளில்லை” என்றாள்.

“உந்தக் கிற்றாரை எனக்குத் தாங்கோவன்.”

“ஏலாதடி” என்றாள். “எனக்கும் ஊரெண்டு உதுதான் கிடக்குது. கனக்கத் திறந்தால் மணமும் போயிடும்.” பிறகு மூடியைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஒண்டு, ரெண்டு. நான் அவசரமாகக் குனிந்தேன். மூண்டு.

இரண்டு கொளுக்கிகளையும் மாட்டி, கம்பளத்தால் சுற்றி, அலுமாரிக்குள் படுக்கவைத்துப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டு மணம் முழுவதும் இப்போது அவளிடம் இருக்கிறது, திறப்பும் அவளிடம். திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.