கீர்த்தனி வீட்டு இணைப்பில் வந்து போனவர்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கீர்த்தனியின் அழைப்பு பாதியில் அறுந்தது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர், ஆங்கிலம் பிடிபடாத ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பரிசோதனை முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்து இரு பக்கமும் மொழிபெயர்ப்பவள் கீர்த்தனி. அவள் இருந்தது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், தன் வீட்டுப் பின்னறையில், மடிக்கணினிக்கு முன்னால். மருத்துவர் இரண்டு வசனம் சொல்லி நிறுத்தினார். கீர்த்தனி, "அம்மா, உங்கட மார்பில எடுத்த சதைத்துண்டைச் சோதிச்சுப் பாத்ததில..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் அவள் குரல் அந்தப் பக்கம் போகவில்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இணைப்புத் திரும்பி வந்தபோது அந்த அழைப்பு வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் போய்விட்டது. கீர்த்தனி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்த மனுசி மிச்ச வசனத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இது அவளுக்குச் சும்மா ஒரு வேலை இல்லை. சம்பூரில் பிறந்தவள். இரண்டாயிரத்து ஆறில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு முகாம் முகாமாக வளர்ந்தாள். அங்கே கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு துணிதான். ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தால் விடியும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கெட்டிக்காரி என்று கீர்த்தனியைப் பிடித்து மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம் மருத்துவர் கர்ப்பப்பை பற்றிக் கேட்டார். பின்னால் இருபது பேர் கேட்டுக்கொண்டு நிற்க, கீர்த்தனி அதை உரத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் நிலத்தைப் பார்த்தபடி தனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டுப் போய்விட்டாள். வருத்தத்தைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கதைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து கீர்த்தனியின் மனதில் ஊறிவிட்டது.

பிறகு டிப்ளோமா முடித்தாள். தொண்டு நிறுவனங்களில் மொழிபெயர்த்தாள். அவை ஒவ்வொன்றாக ஊரை விட்டுப் போனதும் வீட்டில் இருந்தாள். துறைமுகத்தில் வேலை செய்யும் திலக்சனைக் கலியாணம் செய்து ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தாள். இந்த இணையவழி வேலை கிடைத்தபோது முதல் வேலையாகப் பின்னறைக் கதவின் இடுக்குகளைப் பஞ்சு வைத்து அடைத்தாள். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பவருக்கும் உள்ளே கதைப்பது கேட்கக்கூடாது.

அறுந்த அழைப்புக்கு அடுத்த நாள் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மருத்துவமனை அழைப்புகளிலிருந்து அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். இணைப்பு அடிக்கடி தடுமாறுவதோடு, நோயாளிகளின் கதை போகும் வலையமைப்பு பாதுகாப்பானதா என்றும் கேட்டிருந்தார்கள். வேறு ஆட்கள் எவரும் அதைப் பாவிக்காமல் செய்து, அதைக் காட்டினால்தான் திரும்ப எடுப்பார்களாம்.

கீர்த்தனிக்குக் கோபம் வந்தது. வேறு ஆட்கள் யார் வருவார்கள் என்று முணுமுணுத்தபடிதான் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். உள்ளே போகிற கடவுச்சொல், பெட்டியின் அடியில் இணைப்புத் தந்த கொம்பனிக்காரன் ஒட்டிவிட்டுப் போனது அப்படியே வேலை செய்தது. அதை மாற்ற வேண்டும் என்று அதுவரை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இணைந்திருக்கும் கருவிகள் வரிசையாக வந்தன. தன் கணினி, தன் போன், திலக்சனின் போன் எல்லாம் சரி. மற்றவை யாருடையவை என்று தெரியவில்லை. சந்தி ஓட்டோக்காரன் ஒருவனின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மார்ட்டினாவின் ஐபோன், லூக்கின் டேப்லட் என்று வெள்ளைக்காரப் பெயர்கள்.

திலக்சன் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள். ஓட்டோக்காரர்களுக்குத் தான்தான் கொடுத்தது என்று அவன் ஒத்துக்கொண்டான். வீட்டு மதிலில் குந்தியிருந்து மெசேஜ் பார்க்கத்தானே, கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்ல ஏலாது என்றான். வெள்ளைக்காரரைத் தனக்குத் தெரியாது என்றான். திலக்சன் பொல்லாத மனிதன் இல்லை. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவான், அதுதான் அவனோடு வாழ்கிற கரைச்சல்.

அன்றைக்கே கீர்த்தனி வேலையைத் தொடங்கினாள். பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினாள். வைஃபையின் கடவுச்சொல்லையும் எவரும் ஊகிக்க ஏலாதபடி நீளமாக மாற்றினாள். பூட்டு முறையைப் புதியதாக்கினாள். பொத்தானை அமத்தினால் எந்தக் கருவியும் சேர்ந்துகொள்கிற வசதியை நிறுத்தினாள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளையும் புதுப்பித்தாள். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று திலக்சனிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தாள். ஓட்டோக்காரர்கள் மதிலை விட்டு எழும்பிப் போனார்கள். நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மார்ட்டினா அங்கேயே இருந்தாள்.

கடவுச்சொல்லைத் திரும்ப மாற்றினாள். திலக்சனுக்கும் சொல்லவில்லை. அவன் போன் வெளியே போய்விட்டது, மார்ட்டினா போகவில்லை. வலையமைப்பின் பெயரை மறைத்தாள். வைஃபைத் தடைப் பட்டியலில் மார்ட்டினாவையும் லூக்கையும் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் கழித்து அவர்கள் தாமாக மறைந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விடுமுன் யொஹானஸ் என்று ஒருவன் வந்தான், கூட இன்னும் இரண்டு பேர். வீட்டுக் கதவுக்கு எந்தப் பூட்டைப் போட்டாலும் ஆள் உள்ளே இருந்து சிரிப்பது போலிருந்தது.

கொம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்தாள். தமிழுக்கான எண்ணை அமத்திவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்டாள். கடைசியில் லைனில் வந்த பெண், தங்கள் பக்கம் லைன் சரியாக இருக்கிறது, ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள் என்றாள். யாரோ உள்ளே வருகிறார்கள் என்று கீர்த்தனி விளக்கினாள். அப்படியென்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றாள் அந்தப் பெண். மாற்றிவிட்டேன் என்றாள் கீர்த்தனி. திரும்பவும் மாற்றிப் பாருங்கள் என்றது மறுமுனை. போனை வைத்த பிறகு கீர்த்தனி குசினிக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் சட்டிகளை எடுத்துக் கழுவினாள்.

வேலையில்லாத நாட்கள் நீண்டன. வெளிநாட்டிலிருந்து எவனோ தன்னைத் தெரிந்தெடுத்து நோயாளிகளின் கதையை ஒட்டுக் கேட்கிறான் என்றெல்லாம் நினைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், பக்கத்து வீட்டிலும் இப்படிக் கரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம் என்று எழும்பிப் போனாள்.

பக்கத்து வீடு பாக்கியரத்தினம் அங்கிளுடையது. துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திலக்சனுக்கு அந்த வேலை கிடைத்தது அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். மகள் லக்சாயினி பல்கலைக்கழகம் போன பிறகு, அவரும் மனைவி கோணேஸ்வரியும் மேல்மாடி அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேலே இருந்து பார்த்தால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும்.

அங்கிள் கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. விருந்தினருக்கு இலவச வைஃபை என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே அதன் பெயரும் கடவுச்சொல்லும் போட்டிருந்தது. பெயர் கீர்த்தனியின் வலையமைப்புப் பெயர் இல்லை, கடவுச்சொல்லும் அவளுடையது இல்லை. இவர்களுக்குச் சொந்த லைன் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். எந்தக் கொம்பனி லைன், வேகம் எப்படி என்று கேட்டாள்.

"எங்களுக்கு எங்க பிள்ளை லைன்?" என்றார் அவர். "உங்கட மனிசன் தந்ததுதானே. கொரோனா நேரம் லக்சாயினிக்குப் படிக்க எண்டு வயர் இழுத்துத் தந்தவர். நான் இஞ்சால ஒரு சின்னப் பெட்டி வாங்கிப் பூட்டினனான். வாற சனம் எல்லாம் நல்ல வைஃபை எண்டுதான் எழுதிப்போட்டுப் போகுதுகள்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அப்போது மாடிப்படியால் தலை துவட்டியபடி ஒரு வெள்ளைக்காரப் பொடியன் இறங்கி வந்தான். கோணேஸ்வரி அவனைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள். யொஹானஸ்.

வீட்டுக்கு வந்து, ரவுட்டர் இருந்த அலுமாரியைத் தனியாகவே இழுத்தாள். ரவுட்டரின் முதுகில் ஒரு வயர் செருகியிருந்தது. அலுமாரியின் பின்னால் இறங்கி, யன்னல் மூலையால் வெளியேறி, டிஷ் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மதிலுக்கு மேலால் போயிருந்தது. அவள் மாற்றி மாற்றிப் போட்ட கடவுச்சொல் எல்லாம் காற்றால் வருகிறவர்களுக்கு. வயரால் வருகிறவனிடம் பெட்டி ஒன்றும் கேட்காது. தடைப் பட்டியலும் வைஃபைக்கு மட்டும்தான். கணினியைத் திறந்து அந்தப் பெயர்களைத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வயர்போலச் சின்னதொரு அடையாளம் இருந்தது. இத்தனை நாளும் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

திலக்சன் வந்து, அலுமாரி அறையின் நடுவில் நிற்பதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறந்துபோய்விட்டான் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"நீர் வைஃபையைத்தானே கேட்டனீர்," என்றான் அவன். "வயரைப் பற்றிக் கேக்கேல்லையே."

"நான் விசரி மாதிரி இருந்து பாஸ்வேர்ட் மாத்தினதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"அந்த மனுசன்தான் எனக்கு வேலை எடுத்துத் தந்தது. அவரிட்டப் போய் என்னெண்டு கழட்டச் சொல்லுறது?"

கீர்த்தனி குரலை உயர்த்தவில்லை. அங்கிளிடம் வயரைக் கழற்றச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது, பெண்சாதியின் வேலை போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கவில்லையா என்று மட்டும் கேட்டாள். அவள் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கிய நுனியைக் குறட்டால் நறுக்கியும் விட்டாள், திரும்ப ஒருவர் செருகாமல் இருக்க.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால் கோணேஸ்வரி அன்ரியின் குரல் கேட்டது. லைன் போய்விட்டதாம், அங்கே எப்படி என்று கேட்டாள். திலக்சன் கண்ணால் கெஞ்சினான், ஏதாவது பொய் சொல் என்று. கீர்த்தனி வெளியே போய் நடந்ததை நேராகச் சொன்னாள். தான் நோயாளிகளின் கதை கதைக்கிற லைன் இது, ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து போகிற இடமாக வைத்திருக்க ஏலாது, தன் வேலையும் இதனால் நின்றுபோய்க் கிடக்கிறது என்றாள். ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே, அறைகளுக்கு ஆட்கள் வருகிற காலம் என்று அன்ரி சொன்னாள். பிறகு, அந்தரத்துக்கு வேலை எடுத்துத் தந்து உதவின வீட்டுக்கு இதுதானா கைமாறு என்றாள். அதோடு அவள் கீர்த்தனியோடு கதைப்பதை நிறுத்தியதுதான்.

மொழிபெயர்ப்பு நிறுவனம் இணைப்பைச் சோதித்தது. கீர்த்தனி எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினாள். சோதனையில் அழைப்பு ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. மருத்துவமனை அழைப்புகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அழைப்புகள் முதலில் தனக்கு வரும்படி மாதக் கணக்கில் கட்டியெழுப்பிய முன்னுரிமை போய்விட்டது. புதிதாகச் சேர்ந்தவளைப் போல அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். திலக்சன் அவளைச் சமாதானப்படுத்தப் பின்னறைக்கு ஒரு நல்ல கதிரை வாங்கி வந்தான். அவள் அதில் இருந்தாள், ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

கோணேஸ்வரி அன்ரி தெருவில் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனாள். கோயிலில் பக்கத்தில் நின்றும் கதைக்கவில்லை. திலக்சன் வேலைக்குப் போகும்போது அங்கிளின் வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போகத் தொடங்கினான். அதைப் பார்க்கப் பார்க்க, குற்றம் செய்தது தான்தானோ என்று கீர்த்தனிக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு தன்மேலேயே எரிச்சல் வரும்.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுக்குக் கொம்பனிக்காரர் வந்து புது லைன் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கே கீர்த்தனியின் போனில் அந்த லைனின் வைஃபைப் பெயர் தெரிந்தது. பூட்டு அடையாளம் இல்லை. யாரும் நேராக உள்ளே போகலாம். விடு, உனக்கென்ன என்று நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. அங்கிள் போனில் வங்கிக் கணக்கு பார்க்கிறவர். வருகிற போகிற பயணிகளும் அதே லைனில்.

அவர்கள் வீட்டு வாசல் படலையைத் திறந்துகொண்டு போனாள். அங்கிள் முன்விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அன்ரியின் நடமாட்டம் கேட்டது, அவள் வெளியே வரவில்லை. லைனுக்குக் கடவுச்சொல் போடாமல் விட்டிருக்கிறார்கள், ஆபத்து, தான் வேண்டுமானால் போட்டுத் தருகிறேன் என்று கீர்த்தனி சொன்னாள்.

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பூட்டி வைச்சு ஆரிட்டப் பகை தேடுறது பிள்ளை? உங்களுக்கு வேணுமெண்டாலும் பாவியுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

குத்திக் காட்டுகிறாரா, மனதாரச் சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பூட்டாவிட்டால் என்னென்ன நடக்கும் என்று ஆறுதலாக எடுத்துச் சொன்னாள். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் திலக்சன் சுகமாக இருக்கிறானா என்று விசாரித்தார். சுகம்தான் என்றாள். அவளுடைய வேலை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பூட்டாத அந்த லைனை அப்படியே விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.