யார் கையில் போன்?

பவதாரிணி ஓவியப் பாடம் நடத்தும்போது முகங்களை முதலில் பார்க்க விடமாட்டாள். கைகளைப் பாருங்கள் என்பாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஜெயபாண்டியின் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவள் அவள். நிலக்காரர் சிரிக்கும்போதும் அவர் கை எதைத் தேடுகிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். படித்து மதுரையில் கல்லூரி ஆசிரியை ஆனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவள் தம்பி விக்ரம், ஜெயபாண்டியின் தம்பி மகள் ரோகிணியைப் பதிவுத் திருமணம் செய்திருந்தான். ஊர் கொதித்தது. பிறகு அடங்கிவிட்டது. அடங்கியதுதான் பவதாரிணிக்குப் பயமாக இருந்தது.

அன்று காலை அவன் போனில் குதித்தான். "யக்கா, ரோகிணி பெரியப்பா மறுவீட்டு விருந்துக்குக் கூப்பிட்டாரு. என்னைய மாப்ளனு சொன்னாருக்கா!"

"டீக்கடைக்காரனும்தான் உன்னைய மாப்ளங்கிறான். போகாதடா."

"அவன் சும்மா கூப்பிடுறது. இவரு மொறையா கூப்பிடுறாரு."

பிறந்ததிலிருந்து 'டேய்' என்று மட்டுமே கேட்ட காது. ஒரு மனிதனை மனிதனாக மதிக்க அவனுக்கு ஒரு முறைப்பெயர் பிச்சை போட வேண்டியிருக்கிற ஊர். அந்தப் பிச்சைக்காக ரோகிணியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

வகுப்பில் திரையில் இருந்தது நானூறு ஆண்டுக்கு முந்தைய இத்தாலிய ஓவியம். யூதாஸ் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிறான். பின்னால் ஒரே இருட்டு.

"யூதாஸ் மூஞ்சியில கோபம் இருக்கா?"

"இல்ல மிஸ். பாசம் மாதிரிதான் இருக்கு," என்றாள் சமீனா.

"கை?"

"தோளை அமுக்கிப் புடிக்குது."

"ஓரத்துல ஒருத்தன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறானே, அவன் யாரு கட்சி மிஸ்?" என்றான் சூர்யபிரகாஷ்.

"எந்தக் கட்சியும் இல்ல. வேடிக்கை பாக்குறான். ஆனா அந்த வெளிச்சம் இல்லாட்டி ஆளைப் புடிக்க முடியாது."

"அப்ப எங்க தெருவே அவன்தான் மிஸ்." வகுப்பு சிரித்தது.

பவதாரிணியின் போன் அதிர்ந்தது. விக்ரம் எண்ணிலிருந்து ஒரு புகைப்படம். ஜெயபாண்டி அவனை அணைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிறார். அவர் விரல்கள் தோளில் புதைந்திருக்கின்றன. விக்ரமின் இரண்டு கைகளும் வெறுமையாகத் தொங்குகின்றன. பின்னால் வாசலில் ரோகிணி. அவள் மணிக்கட்டை ஒரு பெண் பிடித்திருக்கிறாள்.

அப்படியென்றால் தம்பியின் போன் யார் கையில்?

அழைத்தாள். தெரியாத குரல். "மாப்ள கை நனைச்சுக்கிட்டு இருக்காரு தாயி."

"போனை அவன்கிட்ட குடுங்க."

"சோத்துக் கையோட போனைத் தொடுவாகளா?" யாரோ சிரித்தார்கள். இணைப்பு அறுந்தது.

காவல் நிலையத்துக்குப் போட்டாள். "விருந்துக்குத்தானம்மா போயிருக்காக? சாயங்காலம் பாப்போம்."

"விளக்குப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க சார். ஆளு அனுப்புங்க. நானும் வாரேன்."

திரையில் இருந்த ஓவியத்தை அணைக்காமலே ஓடிப் போய் ஸ்கூட்டரை எடுத்தாள். சமீனா பின்னால் ஏறிக்கொண்டாள். மாணவர்களின் பைக்குகள் ஸ்கூட்டரைத் தொடர்ந்தன. திருச்சி சாலையில் சமீனா மீண்டும் மீண்டும் அந்த எண்ணை அழைத்தாள்.

"மிஸ்," என்றாள் கடைசியில், "ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

கொட்டாம்பட்டிக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.